குண்ட்ராடா யார் வீட்டுப் பெண்?

பிரைட்டன்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரை ஓரங்கட்டிவிட்டுக் கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. அவசரப்படாதே. பிசியோதெரபி ஆள் சொல்லித்தரும் பயிற்சியை ஒருநாள்கூட விடாதே. இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு இந்த மாதம் முழுக்க இரவு ஷிப்ட். பேத்தியைப் பள்ளிக்கு அனுப்புவதும் மாலையில் அவளோடு உட்கார்ந்து பாடம் பார்ப்பதும் என் வேலை. குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை.

கடிதத்தின் கடைசியில், "அந்த ராஜா மகள் விஷயம் என்ன ஆயிற்று?" என்று கேட்டிருந்தாய். போன தடவை போனில் அரைகுறையாகச் சொன்னதை இத்தனை நாள் ஞாபகம் வைத்துக் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இரண்டு மாதமாக என் தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை. உட்கார்ந்து முழுக்க எழுதிவிடுகிறேன்.

பேத்திக்கு வரலாற்றுப் பாடத்தில் 1066. நார்மண்டியின் வில்லியம் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்த கதை. வில்லியம் ராஜாவின் பிள்ளைகளுக்கு ஒரு வம்சக் கொடி வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். அவள் எங்கேயோ பார்த்து வரைந்த படத்தில் மகள்கள் வரிசையில் குண்ட்ராடா என்று ஒரு பெயர். இன்னொரு படத்தில் அந்தப் பெயரே இல்லை. "தாத்தா, இவங்க ராஜா பொண்ணா இல்லையா?" என்று கேட்டாள். முப்பத்தோரு வருஷம் பத்திரப் பதிவு ஆபீசில் உட்கார்ந்தவன் நான். ஒரே பெயர் ஒரு காகிதத்தில் இருந்து இன்னொன்றில் இல்லை என்றால் சும்மா இருக்க முடியுமா?

அந்த அம்மாள் அடக்கமான ஊர் லூயிஸ். பிரைட்டனிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். ஒரு சனிக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

குண்ட்ராடாவின் கணவர் வில்லியம் டி வாரன். ராஜாவுக்கு மிக நெருங்கிய தளபதிகளில் ஒருவர்; சாவதற்குச் சற்று முன்னால் சர்ரே பகுதியின் முதல் ஏர்ல், அதாவது பிரபு, ஆனவர். கணவனும் மனைவியுமாக ரோமுக்கு யாத்திரை புறப்பட்டார்கள். வழியில் போப்புக்கும் பேரரசருக்கும் சண்டை; மேலே போக முடியவில்லை. பிரான்சில் க்ளூனி மடத்தில் தங்கினார்கள். அங்கே கண்ட ஒழுங்கும் உபசரிப்பும் மனசில் அப்படியே நின்றுவிட்டது. ஊர் திரும்பி 1077 வாக்கில், க்ளூனித் துறவிகளை வரவழைத்து லூயிஸில் செயின்ட் பான்கிராஸ் பெயரில் ஒரு மடம் கட்டினார்கள். இங்கிலாந்தில் க்ளூனி மரபின் முதல் மடம் அதுதான். குண்ட்ராடா 1085 மே 27 அன்று நார்ஃபோக்கில், காசில் ஏக்கர் என்ற ஊரில், பிரசவத்தில் இறந்துபோனார். மூன்று வருஷம் கழித்துக் கணவரும் போனார். இருவரையும் அந்த மடத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

மடம் இன்று இல்லை. எட்டாம் ஹென்றி மடங்களையெல்லாம் கலைத்தபோது, 1538-இல் இதை இடிக்க லண்டனிலிருந்து பதினேழு பேரைக் கொண்டுவந்தார்கள். அதில் தச்சர்கள், கொல்லர்கள், கூரை ஈயத்தை உருக்க உலை பார்க்கும் ஆள் என்று தனித்தனியே உண்டு. அவ்வளவு பெரிய கட்டடம்! எஞ்சிய சுவர்த் துண்டுகள் ஒரு பூங்காவுக்குள் நிற்கின்றன. பேத்தி ஒரு சுவரின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தபோது பக்கத்திலேயே ரயில் போனது. தண்டவாளம் மடத்துக் கோயில் இருந்த இடத்தின்மேலேயே போகிறது.

அந்தத் தண்டவாளத்தால்தான் குண்ட்ராடா திரும்பக் கிடைத்தார். 1845 அக்டோபரில் பாதைக்கு மண் வெட்டிய கூலியாட்களின் கடப்பாரையில் இரண்டு ஈயப் பெட்டிகள் தட்டுப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கும் குறைவு. உள்ளே எலும்புகள். ஒன்றில் 'குண்ட்ராடா' என்றும் மற்றதில் 'வில்லியம்' என்பதன் லத்தீன் சுருக்கமும் பொறித்திருந்தன. பெட்டி இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம், முதலில் புதைத்த எலும்புகளைப் பிற்பாடு எடுத்து, மடத்தைப் புதுப்பித்தபோது மறுபடி வைத்திருக்கிறார்கள். உலையில் உருகாமல் தப்பிய ஈயம் அந்த இரண்டு பெட்டி. இப்போது பக்கத்தில் சவுத்ஓவர் தேவாலயத்தில், அவற்றுக்காகவே 1847-இல் கட்டிய ஒரு சின்ன அறையில் இருக்கின்றன. ஈயத்தின்மேல் கயிற்றுவலை போட்டது போல ஒரு வேலைப்பாடு. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். முடிச்சு முடிச்சாக, நேற்று அச்சு வார்த்தது போல இருக்கிறது.

அதே அறையில் அவருடைய கல்லறைப் பலகையும் உண்டு. அது வேறு வழியாக வந்து சேர்ந்தது. மடம் இடிந்தபின் அந்தக் கல்லை யாரோ எடுத்துப்போய், இஸ்ஃபீல்ட் என்ற கிராமத்துக் கோயிலில் வேறு ஒருவர் சமாதிக்கு மேற்பலகையாக வைத்துவிட்டார்கள். 1775-இல்தான் ஒரு பாதிரியார் அடையாளம் கண்டார். கறுப்புக் கல், அடிப்பக்கம் உடைந்து போயிருக்கிறது. சிங்க முகங்களும் இலைக்கொடிகளும். ஓரத்தைச் சுற்றியும் நடுவிலும் லத்தீன் செய்யுள். உனக்காக அதன் பொருளைத் தேடிப் படித்தேன். பைபிளில் வரும் இரண்டு சகோதரிகளை வைத்து, ஏழைகளுக்கு அவள் மார்த்தாள், பக்தியில் மரியாள் என்கிறது. மார்த்தாளின் பங்கு இறந்தது, மரியாளின் பெரும்பங்கு நிற்கிறது என்கிறது. இறந்த நாளைச் சொல்லும் இடம்தான் என்னை நிறுத்திவிட்டது: உடல் என்ற அலபாஸ்டர் சிமிழை, வெண்கல் சிமிழை, அந்த நாளின் ஒளி உடைத்தது. பிரசவத்தில் போன பெண்ணுக்கு இதைவிட மென்மையாக யார் எழுத முடியும்? கையெழுத்துப் போடாமல் போன அந்தப் புலவரை உனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, இனி வழக்குக்கு வருகிறேன்.

குண்ட்ராடா வில்லியம் ராஜாவுக்கும் மட்டில்டா ராணிக்கும் பிறந்த மகள் என்று பல நூற்றாண்டு நம்பினார்கள். ஆதாரம் என்ன? இரண்டு பத்திரம். ஒன்று, அவர் கணவர் எழுதியதாகச் சொல்லப்படும் மடத்து அறக்கட்டளைப் பத்திரம். அதில் மட்டில்டா ராணியை "என் மனைவியின் தாய்" என்று கணவரே சொல்கிறார். இரண்டாவது, நார்ஃபோக்கில் வால்டன் கிராமத்தை மடத்துக்குத் தானம் கொடுத்த ராஜாவின் பத்திரம். அதில் குண்ட்ராடா பெயருக்குப் பின்னால் 'என் மகள்' என்று இரண்டு லத்தீன் சொற்கள்.

கேட்டால் வழக்கு முடிந்தது போலத் தோன்றும். ஆனால் மூலப்பத்திரம் எங்கே என்று கேட்க வேண்டாமா? முதல் பத்திரம் நமக்குக் கிடைப்பது மடத்துத் துறவிகள் 1444-இல் தொகுத்த நகல் ஏட்டில். அம்மாள் இறந்து ஏறத்தாழ 360 வருஷம் கழித்து! அதன் வாசகமும் அந்தக் காலத்துப் பத்திர நடையோடு ஒத்துப்போகவில்லை என்று அறிஞர்கள் ஒதுக்கிவிட்டார்கள். இரண்டாவதில், 'என் மகள்' என்ற அந்த இரண்டு சொல் மட்டும் பிற்காலக் கை சேர்த்தது என்று கண்டார்கள். நீ வகுப்பில் பையன்களுக்குச் சொல்வாயே, இடைச்செருகல்! அதேதான். எங்கள் ஆபீசில் வரிக்கு நடுவே ஒரு சொல் ஏறியிருந்தால், பத்திரக் கடைசியில் அடித்தல் திருத்தல் இடைவரி இன்னின்ன என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் பதிய மாட்டோம். அப்படிப்பட்ட ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் தகப்பன் மாறிவிட்டான்.

துறவிகளை நான் குறை சொல்லவில்லை. நிலம் தக்க வேண்டும், மடத்தின் பெருமை தக்க வேண்டும். எங்களை நிறுவிய தாய் ராஜா மகள் என்று அவர்கள் உண்மையாகவே நம்பியிருக்கலாம். ஆனால் அதே மடத்தின் மூத்த துறவிகள், அம்மாள் இறந்து ஏறத்தாழ அறுபது வருஷத்தில் செய்த கல்லறைப் பலகை என்ன சொல்கிறது பார். "தலைவர்களின் வழிவந்தவள், தன் காலத்தின் அணி, உயர்ந்த குலக்கொடி." ட்யூக் என்ற பிரபுப் பட்டத்துக்குரிய லத்தீன் சொல்தான் அங்கே இருக்கிறது. ராஜா என்ற சொல் அந்தக் கல்லில் இல்லை. முடிசூடிய ராஜாவின் மகளாக இருந்திருந்தால், செய்யுள் முதலடியிலேயே அதை வைக்காமல் எந்தப் புலவன் விடுவான்? அது நார்மண்டிக்கு ட்யூக்காகவும் இருந்த வில்லியம் ராஜாவைத்தான் குறிக்கிறது என்று வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை.

மறுபக்கச் சாட்சி ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி. 1075-இல் இங்கிலாந்தில் பிறந்து, பத்து வயசில் நார்மண்டி மடத்துக்குப் போய், அங்கேயே உட்கார்ந்து பெரிய வரலாறு எழுதியவர். குண்ட்ராடாவைப் பற்றிச் சொல்லும்போது அவர் தகப்பன் பேச்சையே எடுக்கவில்லை. கெர்போட் என்பவரின் சகோதரி என்கிறார். யார் இந்த கெர்போட்? இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃபிளாண்டர்ஸ் நாட்டுக்காரர். ராஜா அவருக்குச் செஸ்டரைக் கொடுத்து ஏர்ல் ஆக்கினார். ஒரு வருஷத்துக்குள் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போனவர் மறுபடி இங்கிலாந்து வரவில்லை. வாரனின் மனைவியை அறிமுகப்படுத்த ராஜா மகள் என்று சொல்ல ஆர்டெரிக்குக்கு வழி இருந்திருந்தால், ஒரு வருஷ ஏர்லின் சகோதரி என்று எதற்குச் சொல்கிறார்?

1846-இல், முந்தின வருஷம் ஈயப் பெட்டி கிடைத்த பரபரப்பு அடங்குமுன், தாமஸ் ஸ்டேபிள்டன் என்ற ஆய்வாளர் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார். குண்ட்ராடா ராஜாவுக்குப் பிறக்கவில்லை. ஆனால் மட்டில்டா ராணிக்கு முந்தைய கல்யாணத்தில் பிறந்தவள் என்றார். கெர்போட் சகோதரன் என்பதும் நிற்கும், ராணி தாய் என்ற பத்திரமும் நிற்கும். அழகான சமாதானம். பெரிய வரலாற்றாசிரியர் ஃப்ரீமன்கூட முதலில் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் மட்டில்டாவுக்கு முன்பு ஒரு கணவர் இருந்ததாக அந்தக் காலத்தவர் ஒருவரும் எழுதவில்லை. இரண்டு முரண்பட்ட காகிதத்தையும் காப்பாற்ற மூன்றாவதாக ஒரு கல்யாணத்தையே உண்டாக்கினார் ஸ்டேபிள்டன்.

கடைசியில் வழக்கைத் தீர்த்தது குண்ட்ராடா பெயரே இல்லாத ஒரு கடிதம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

வில்லியம் ராஜாவின் இளைய மகன் முதலாம் ஹென்றி ராஜாவாகிவிட்டார். குண்ட்ராடாவின் மகன், அவனும் வில்லியம்தான், இரண்டாம் ஏர்ல். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த தன் மகள்களில் ஒருத்தியை இவனுக்குக் கொடுக்க ஹென்றி பேசி முடித்தார். ஆனால் உறவு இடிக்கிறது. காண்டர்பரி பேராயர் ஆன்செல்முக்கு எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்டார். ஆன்செல்மின் பதில் இன்றும் இருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு பக்கம் நாலாம் தலைமுறையிலும் இன்னொரு பக்கம் ஆறாம் தலைமுறையிலும் உறவு. பேச்சு முடிந்திருந்தாலும் சரி, கிறிஸ்தவ நெறிக்கு எதிரான ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்று முடிக்கிறார். அன்றைக்குத் திருச்சபை ஏழு தலைமுறை வரைக்கும் உறவில் கல்யாணத்தைத் தடுத்தது. இந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

முதல் தடவை படித்தபோது இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நம் வழக்கத்தில் போட்டுப் பார்த்ததும் சட்டென்று விளங்கியது. குண்ட்ராடா ராஜா மகளாக இருந்தால், ஹென்றிக்கு அவர் அக்கா. அவர் மகனுக்கு ஹென்றி தாய்மாமன். அப்படியானால் மணப்பெண் யார்? மாமன் மகள்! நம் பக்கம் முறைப்பெண் என்று உரிமை கொண்டாடுகிற உறவு. அங்கே அது எல்லாவற்றுக்கும் முதலில் நிற்கிற தடை. கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள், இரண்டாம் தலைமுறையிலேயே முட்டுகிறது. அந்த இரண்டாம் தலைமுறை உறவை வாசலில் வைத்துக்கொண்டு, நாலாவதையும் ஆறாவதையும் எண்ணிக்கொண்டு உட்காருவாரா ஆன்செல்ம்? ஹென்றிக்குத்தான் தன் சொந்த அக்கா யார் என்று தெரியாமல் போகுமா?

ஸ்டேபிள்டனின் வழியும் அதே கடிதத்தில் அடைபடுகிறது. தகப்பன் வேறு, தாய் மட்டில்டாதான் என்றாலும் பாட்டி ஒருத்தியே. அப்போதும் அது நெருங்கிய உறவுதான், ஆன்செல்ம் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். 1888-இல் ஃப்ரீமன் இந்தக் கடிதத்தை வைத்து எழுதினார்: குண்ட்ராடா ராஜாவுக்கும் மகள் இல்லை, ராணிக்கும் மகள் இல்லை. தான் முன்பு அச்சிட்டதைத் தானே மாற்றிக்கொண்டார். அவ்வளவு பெயர் எடுத்த ஆள் அப்படிச் செய்ததற்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

ஆன்செல்மைப் போன்ற சாட்சி லேசில் கிடைக்காது. பாகப் பிரிவினை வழக்குகளில் நான் கண்டது இதுதான். 'இவள் இன்னார் மகள்' என்று நிலைநாட்டவே எழுதிய காகிதத்தை நான் இரண்டு தடவை பார்ப்பேன். வேறு எதற்காகவோ எழுதிய காகிதத்தில் போகிற போக்கில் ஒரு உறவு விழுந்திருந்தால், அதை நம்புவேன். ஆன்செல்முக்கு லூயிஸ் மடத்து நிலத்தைப் பற்றிக் கவலையில்லை. ஒரு கல்யாணம் கூடுமா கூடாதா, அவ்வளவுதான் அவர் கேள்வி.

இதற்கு அப்புறம்தான் எனக்கு விஷயமே சுவையாயிற்று. ராஜாவை எடுத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன மிச்சம் என்று பேத்தி கேட்டாள். நிறைய இருக்கிறது. ஃபிரெடரிக் என்று இன்னொரு சகோதரன் இருந்தார். ராஜாவோடு இங்கிலாந்து வந்து நார்ஃபோக் பக்கம் நிலம் பெற்றவர். ராஜாவை எதிர்த்துக் காட்டுக்குள்ளும் சதுப்பு நிலத்திலும் நின்று போராடிய ஹெரிவார்ட் அவரைக் கொன்றார். அவர் நிலம் மைத்துனர் வாரனுக்கு வந்தது. 1086-இல் ராஜா எடுத்த நாடு முழுக்க நிலக் கணக்கில், வாரனின் பெயருக்குக் கீழே சில கிராமங்களில் 'ஃபிரெடரிக்கின் பங்கிலிருந்து' என்று இன்னும் எழுதியிருக்கிறது. பட்டா மாறியும் பழைய சொந்தக்காரர் பெயர் போகவில்லை! கெர்போட், ஃபிரெடரிக் என்ற இரண்டு பெயரும் கடலுக்கு அந்தப் பக்கம், சென்ட் ஓமேர் ஊரின் செயின்ட் பெர்ட்டின் மடத்துப் பத்திரங்களிலும் வருகின்றன. குண்ட்ராடாவின் இளைய மகன் ஒருவனுக்கு ஃபிளாண்டர்ஸில் தாய்வழிச் சொத்து போயிருக்கிறது. தாய் அந்த மண்ணின் மகள் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கெர்போட்டின் முடிவு இன்னும் நெஞ்சைத் தொடுகிறது. 1071-இல் காசெல் போரில் தன் சொந்த எஜமானான இளம் ஃபிளாண்டர்ஸ் பிரபுவைக் கொன்றுவிட்டார் என்றும், அந்தப் பாவம் தாங்காமல் ரோமுக்குப் போய் போப்பின் முன் நின்றார் என்றும் ஒரு மடத்து வரலாறு சொல்கிறது. போப் அவரைத் தண்டிக்காமல் க்ளூனி மடத்துக்கு அனுப்பிவைத்தாராம். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குண்ட்ராடாவும் கணவரும் ரோமுக்குப் புறப்பட்டு, வழியில் க்ளூனியில் தங்கி, அந்த மடத்தையே மனசில் சுமந்துகொண்டு திரும்பினார்கள் என்று மேலே எழுதினேனே. அண்ணனோ தம்பியோ அங்கே அங்கி போட்டுக்கொண்டு இருந்திருந்தால்? இது என் ஊகம் மட்டும்தான், ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் ராஜா மகள் என்ற கதை ஒட்டிக்கொண்டிருந்தவரை இந்தக் கேள்வியைக் கேட்கவே வழி இல்லை. சகோதரர்கள் இருவரும் பின்னால் மறைந்து கிடந்தார்கள்.

கறுப்புக் கல்லைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். அது இங்கிலாந்துக் கல் இல்லை. தூர்னே என்ற ஊரிலிருந்து கடல் தாண்டி வந்தது, ஃபிளாண்டர்ஸ் பக்கம். கல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் அழகுக்காக எடுத்திருக்கலாம். அந்தக் காலத்தில் அந்தக் கல்லுக்கு நல்ல கிராக்கி. இருந்தாலும் அதைத் தொட்டுப் பார்க்கும்போது பிறந்த வீட்டுச் சீர் என்றுதான் எனக்குத் தோன்றியது.

போன வாரம் பேத்தி படத்தைத் திருத்தினாள். ராஜாவிடமிருந்து இறங்கிய கோட்டை ரப்பரால் அழித்தாள். குண்ட்ராடாவுக்கு இந்தப் பக்கம் கெர்போட், அந்தப் பக்கம் ஃபிரெடரிக். மேலே பெற்றோர் கட்டத்தில் எதுவும் எழுதாமல் ஒரு கேள்விக்குறி போட்டாள். "இது காலியா இருந்தா மார்க் குறைப்பாங்களா தாத்தா?" என்றாள். குறைத்தால் நான் வந்து பேசுகிறேன் என்றேன். நாளைக்குத்தான் கொடுக்கப்போகிறாள்.

நீ கைத்தடியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடக்க ஆரம்பித்ததும் எழுது. அந்தச் செய்யுளின் லத்தீன் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தனியாக அனுப்புகிறேன். நேரிசை ஆசிரியப்பாவில் உட்காருமா என்று பார். அலபாஸ்டர் சிமிழ் வருகிற இடத்துக்கு உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல் கேட்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழன்